பவுடர் போடாத முகம்

என் சித்தப்பாவுக்கு இடது கன்னத்தில் ஒரு தழும்பு உண்டு. இளவயதில் தோணியில் போனபோது விறைப்பாகக் கட்டியிருந்த கயிறு அறுந்து முகத்தில் வீசியதாம். அதன் பிறகு அவர் நிரப்பிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் 'அங்க அடையாளம்' என்ற கட்டத்தில் அந்தத் தழும்புதான். சில வருடங்களுக்கு முன் மகளைப் பார்க்கப் போவதற்காக விசாவுக்குப் படம் வேண்டியிருந்தது. புன்னைக்காயலிலிருந்து கிளம்பி, ஆத்தூர் வந்து பஸ் மாறி, ஒரு ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போனேன். படம் எடுத்த தம்பி கணினியில் முகத்தைப் பெரிதாக்கினார். சின்ன வட்டம் ஒன்றைத் தழும்பின் மேல் வைத்து நாலைந்து முறை சொடுக்கினார், தழும்பைக் காணோம். கண்ணுக்கடியில் இருந்த கருவளையம் போயிற்று. உப்புக்காற்றும் வெயிலும் அறுபது வருடம் காய்ச்சிய முகம் மாநிறத்துக்கு வந்தது. "அண்ணாச்சி, பத்து வயசக் கொறச்சாச்சு" என்றார் தம்பி. சித்தப்பா படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "எலே, என் கல்யாணத்துக்குக்கூட இப்படி எடுக்கலியே!"

படம் திரும்பி வந்தது. திருத்திய படம் செல்லாது என்று ஒரே வரி. வேறொரு கடையில் மறுபடி எடுத்தோம். அங்கே பின்னணிச் சீலைக்கும் தலைக்கும் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை; காதுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. அதுவும் போயிற்று. மூன்றாவது படம்தான் ஏறியது. ஒரு முகத்துக்கு மூன்று நாள் அலைச்சல். இதில் யாருக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்று அன்றைக்கு யோசிக்கத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரை.

குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. 'பாஸ்போர்ட் சைஸ்' என்று நாம் சொல்வது ரேஷன் கார்டுக்கும் பரீட்சை நுழைவுச்சீட்டுக்கும் வங்கிக் கணக்குக்கும் ஒட்டுகிற படம். எட்டுப் படம் ஒரு செட். பர்ஸில் இரண்டு எப்போதும் கிடக்கும். உண்மையில் அப்படி ஓர் அளவு உலகத்தில் கிடையாது. அமெரிக்க விசாவுக்கு இரண்டு அங்குலச் சதுரம். அதில் தலை, படத்தின் உயரத்தில் பாதிக்குக் குறையாமல் 69 விழுக்காட்டுக்கு மிகாமல் இருக்க வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்கு 35-க்கு 45 மில்லிமீட்டர். முகம் 70 முதல் 80 விழுக்காடு. சீன விசாவுக்கு 33-க்கு 48. கனடா பாஸ்போர்ட்டுக்கு 50-க்கு 70. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற நம்மவர்கள் வாங்கும் ஓசிஐ அட்டைக்கோ, பின்னணி வெளிர் நிறமாக இருக்கட்டும், வெள்ளையாக மட்டும் இருக்கக் கூடாது என்று நெடுநாள் விதி. அதே தூதரகத்தில் அடுத்த ஜன்னலில் பாஸ்போர்ட்டுக்கு வெள்ளைதான் வேண்டும். டொராண்டோவில் அப்பாவுக்கு ஒரு சீலை, பிள்ளைக்கு ஒரு சீலை. ஆக, ஸ்டுடியோ வாசலில் நின்று "பாஸ்போர்ட் சைஸ் ஒரு செட்" என்று கேட்டுவிட்டால் பாதித் தப்பு அங்கேயே நடந்துவிடுகிறது. எந்த நாட்டுக்கு, எந்தத் தாளுக்கு என்று சொல்லித்தான் கேட்க வேண்டும்.

தாளுக்குள் முகம் வந்து சேர்ந்ததே சமீபத்துக் கதை. பதினாறாம் நூற்றாண்டில் இந்தக் கரையில் போர்த்துகீசியர் ஆண்டபோது, கடலில் போகக் 'கர்தாஸ்' என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டு கப்பலுக்கு. கப்பலின் பெயர், தலைவன் பெயர், ஏற்றியிருக்கும் சரக்கு, போகும் துறைமுகம் எல்லாம் அதில் இருக்கும். யார் முகம் எப்படி இருந்தது என்பதைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. அவர்களோடு வந்த பாதிரியார் அண்ட்ரிக் அடிகளார் 1586-இல் புனிதர்களின் வரலாற்றைத் தமிழில் அச்சிட்டது புன்னைக்காயலில் என்பார்கள். எழுத்தைத் தாளில் பதிக்கும் வித்தை இத்தனை சீக்கிரம் வந்து இறங்கிய ஊரில், முகத்தைத் தாளில் பதிக்கும் கட்டாயம் வர மேலும் முந்நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

அதைக் கொண்டுவந்தது ஓர் ஒற்றன். முதல் உலகப் போர் தொடங்கியதும் கார்ல் ஹான்ஸ் லோடி என்ற ஜெர்மானியர், சார்லஸ் இங்லிஸ் என்ற அமெரிக்கரின் பாஸ்போர்ட்டோடு பிரிட்டனில் நுழைந்தார். அதில் படம் கிடையாது. ஆங்கிலம் பேசத் தெரிந்தால் போதும். பிடிபட்டு 1914 நவம்பர் 6-இல் லண்டன் கோபுரச் சிறையில் சுடப்பட்டார். அந்த டிசம்பரிலேயே அமெரிக்கா படம் ஒட்டச் சொன்னது, 1915-இல் பிரிட்டனும். அதற்கு முன் முகத்தை வார்த்தையால் எழுதினார்கள்: நெற்றி அகலம், மூக்கு சாதாரணம், கண் கறுப்பு. அந்தப் பழக்கத்தின் மிச்சம்தான் நம் விண்ணப்பத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும் அங்க அடையாளக் கட்டம். சித்தப்பாவின் தழும்பை விட்டால் அதில் எழுத அவரிடம் வேறொன்றும் இல்லை. அதை ஸ்டுடியோ அழித்துவிட்டால் தாள் ஒன்று சொல்கிறது, படம் ஒன்று சொல்கிறது.

தொடக்கத்தில் எந்தப் படமானாலும் வாங்கிக்கொண்டார்கள். தொப்பி போட்ட படம், குடும்பப் படத்திலிருந்து கத்தரித்தது எல்லாம் ஓடியது. கெடுபிடி வந்தது இயந்திரத்தோடு. மாண்ட்ரியலில் இருக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1980-இல் இயந்திரம் படிக்கும் பாஸ்போர்ட்டுக்கான விதிநூலை வெளியிட்டது. 9303 என்பது அதன் எண். கைரேகையா, கருவிழியா, முகமா என்ற விவாதத்தில் 2003-இல் அந்த அமைப்பு முகத்தைத் தேர்ந்தது. சிரிக்காதே, வாயைத் திறக்காதே, தலையைச் சாய்க்காதே என்பதெல்லாம் அதிகாரியின் முசுட்டுத்தனத்தால் வந்தவை என்று நினைத்திருந்தேன். கண்ணுக்குக் கண் உள்ள தூரம், மூக்கிலிருந்து உதட்டுக்கு உள்ள தூரம் இவற்றை அளக்கும் கருவிக்குச் சிரிப்பு ஓர் இடைஞ்சல். கன்னம் ஏறினால் கணக்கு மாறும். தழும்பும் மச்சமும் தோலின் நிறமும் அதற்குத் துணைச் சாட்சிகள். ஆக, நம் ஸ்டுடியோக்காரர் நூறு வருடமாகப் பழகிய கலை முழுவதும் இங்கே குற்றமாகிவிட்டது.

படம் எடுக்கும் வழிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். இந்தியாவுக்குள் பாஸ்போர்ட் எடுப்பவருக்கு நான் சொல்வது, படமே எடுக்க வேண்டாம் என்பதுதான். இது இன்றும் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2010-இல் பாஸ்போர்ட் சேவா கேந்திரங்கள் தொடங்கியதிலிருந்து முகத்தையும் கைரேகையையும் அங்கேயே எடுத்துக்கொள்கிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மதுரை மண்டல அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஒரு காலத்தில் எதற்கும் திருச்சிக்குத்தான் அனுப்ப வேண்டும். இப்போது திருநெல்வேலியில் சேவா கேந்திரம் இருக்கிறது. டோக்கன் வாங்கி உட்கார்ந்தால் முதலில் ஏ கவுண்டர். தாள்களை ஸ்கேன் செய்து, முகத்துக்கு நேரே இருக்கும் சின்னக் கேமராவைப் பார்க்கச் சொல்வார்கள். அரை நிமிடத்தில் முடிந்துவிடும். நம் பக்கம் திரும்பியிருக்கும் திரையில் பெயர், பிறந்த தேதி, முகவரியோடு அந்தப் படமும் தெரியும்.

அந்த அரை நிமிடத்தை யாரும் மதிப்பதில்லை. விடிகாலை பஸ் ஏறி, வியர்த்து விறுவிறுத்து, தாள் எல்லாம் சரியாக இருக்கிறதா என்ற பதற்றத்தோடு உட்கார்ந்தவருக்குப் படம் எப்படி விழுந்தது என்று பார்க்கத் தோன்றாது. பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். பாஸ்போர்ட் தபாலில் வந்த பிறகு, பத்து வருடத்துக்கு அந்த முகம்தான். கண் பாதி மூடியிருந்தாலோ எண்ணெய் வழிந்த நெற்றியில் வெளிச்சம் அடித்திருந்தாலோ "இன்னொரு தடவை எடுங்கம்மா" என்று அங்கேயே கேட்டுவிடலாம். கேட்டால் பெரும்பாலும் எடுப்பார்கள். வெள்ளைச் சட்டை போட்டுப் போகாதீர்கள். வெள்ளைப் பின்னணியில் தோள் கரைந்துபோகும். இது நம் ஊர் ஆண்களுக்குச் சங்கடம். ஆபீசுக்குப் போவதென்றால் வெள்ளைச் சட்டைதான் போட வேண்டும் என்பது எங்கள் தாத்தா காலத்து ஒழுக்கம்.

நாலு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு மட்டும் படம் கையில் கொண்டுபோக வேண்டும். வெள்ளைப் பின்னணி, நாலரைக்கு மூன்றரை சென்டிமீட்டர். இது ஸ்டுடியோவில் எடுப்பதைவிட வீட்டில் எடுப்பது மேல் என்பது என் அனுபவம். தங்கச்சி பிள்ளைக்கு நாலு மாதம். ஸ்டுடியோ விளக்கைப் பார்த்ததும் வீரிட்டது. ஊருக்கு வந்து, திறந்த வாசலுக்கு உள்பக்கம் தரையில் சலவை வேட்டி ஒன்றைச் சுருக்கமில்லாமல் விரித்துக் குழந்தையைப் படுக்க வைத்தோம். பால் குடித்து முடித்த நேரம். மேலே என் தங்கை சாவிக்கொத்தை ஆட்ட, அவள் கை படத்துக்குள் வராமல் நான் ஸ்டூல் மேல் நின்று எடுத்தேன். இருபத்தெட்டு படம்; இருபத்தேழில் கண் எங்கோ போயிருந்தது. அந்த ஒன்றைக் கடையில் கொடுத்து அளவுக்கு வெட்டி அச்செடுத்தோம். வாட்ஸ்ஆப்பில் படமாக அனுப்பாமல் 'டாக்குமெண்ட்' என்று அனுப்பியது முக்கியம். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். குழந்தையின் இமை முடியெல்லாம் மாவாகிவிடும்.

விசாவுக்கு வந்தால் முதல் கேள்வி, படம் தேவையா என்பதே. பிரிட்டன் விசாவுக்குக் கைரேகை கொடுக்கும் இடத்திலேயே முகத்தையும் எடுத்துக்கொள்கிறார்கள். ஷெங்கனுக்கு நாமே கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவுக்கு இணையத்தில் ஏற்ற வேண்டும். 600-க்கு 600 பிக்ஸலுக்குக் குறையாத சதுரப் படம். கண்ணாடியை அந்த நாடு 2016 நவம்பர் 1 முதல் அனுமதிப்பதில்லை. கண்ணாடி இல்லாமல் கேமரா எங்கே இருக்கிறது என்றே தெரியாத பெரியவர்களுக்கு இது பாடுதான். "என் விரலைப் பாருங்க ஐயா" என்று லென்ஸுக்கு மேல் விரலை வைத்து எடுக்கும் ஸ்டுடியோக்காரர் ஒருவரை எனக்குத் தெரியும். தலைச்சீலை பற்றி வீணாகப் பயப்படுகிறார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்துப் பெண்களானாலும் நம் கோயில் மடத்துச் சிஸ்டர்களானாலும், மத வழக்கப்படி தலையை மூடலாம். நெற்றி முதல் தாடை வரை, முகத்தின் இரண்டு ஓரமும் நிழலில்லாமல் தெரிந்தால் போதும்.

இனி செல்போன். எல்லார் கையிலும் நல்ல கேமரா இருக்கும்போது ஸ்டுடியோ எதற்கு என்பார்கள். கை நீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் ஒடுங்கும். ஒன்றரை மீட்டர் தள்ளி எடுக்கச் சொல்வது அதனால்தான். போனை இன்னொருவர் கையில் கொடுத்து, அழகுபடுத்தும் வசதியை அணைத்துவிட்டு எடுத்தால் படம் தேறும். தேறாதது அதற்குப் பிறகு நடப்பது. பின்னணியை வெள்ளையாக்கித் தருவதாகச் சொல்லும் செயலிகள் சுருட்டை முடியைக் கத்தரித்து, காது மடலைக் கொஞ்சம் தின்று, தலையைச் சுற்றி ஒரு கோடு போட்டுவிடும். நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும் அந்தப் படம் சோதிக்கும் இயந்திரத்தில் முதலிலேயே அடிபடும். சுவர் வெள்ளையடித்திருந்தால் சுவர் போதும், இல்லாவிட்டால் வேட்டி. செயலி வேண்டாம்.

ஸ்டுடியோவைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கரையின் முகத்துக்கு ஸ்டுடியோ செய்வதும் செய்யாததும் பெரிய வித்தியாசம். வெள்ளைச் சீலைக்கு முன் கறுத்த முகத்தை உட்கார வைத்துத் தானியங்கியில் எடுத்தால், கேமரா சீலையின் வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு முகத்தை இன்னும் இருட்டாக்கும். கண்ணும் புருவமும் ஒன்றாகக் கலந்துவிடும். உடனே கடைக்காரர் கணினியில் வெளிச்சத்தை ஏற்றுவார். முகம் சாம்பல் பூசியதாக வெளிறும், பின்னணி காதுக்குள் கசியும். பிறகு 'திருத்திய படம்' என்று திரும்பி வரும். குற்றம் முகத்தில் இல்லை, விளக்கில் இருக்கிறது. சீலையிலிருந்து மூன்று நாலடி தள்ளி உட்கார வைத்து, இரண்டு பக்கமும் சமமாக விளக்கு வைத்து, முகத்தை வைத்து வெளிச்சம் கணக்கிட்டால் திருத்தவே வேண்டியதில்லை. விளக்கு ஒன்றுதான் இருக்கிறதா, எதிர்ப்பக்கம் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்தால் தாடைக்கடியில் நிழல் போய்விடும். கண்ணாடிக்குப் பக்கத்தில் கயிற்றில் தொங்கும் சீப்பைவிட, ஆணியில் மாட்டியிருக்கும் கோட்டைவிட இது முக்கியம். பவுடர் டப்பாவுக்குப் பதில் ஈரத்துண்டு. பவுடர், பளிச்சிடும் விளக்கில் திட்டுத் திட்டாக வெண்மை காட்டும். கடற்கரை வியர்வையைத் துண்டால் ஒற்றினாலே போதும்.

கறுத்த முகத்துக்கு இந்த அநியாயம் நம் ஊர்க் கடையோடு முடியவில்லை. படத்தைச் சோதிக்கும் மென்பொருளிலும் அது இருந்தது. கறுத்த முகத்துக்கு மட்டும் என்றும் இல்லை. நியூசிலாந்தில் 2016-இல் தைவான் வம்சாவளி இளைஞர் ரிச்சர்ட் லீ ஏற்றிய படத்தைப் பார்த்து, கண் மூடியிருக்கிறது என்றது இயந்திரம். அவர் கண்ணை நன்றாகத் திறந்துதான் வைத்திருந்தார். பிரிட்டனின் இணையச் சோதனையை 2020-இல் பிபிசி ஆயிரத்துக்கு மேற்பட்ட அரசியல்வாதிகளின் படங்களை வைத்துப் பார்த்தது. கறுத்த பெண்களின் படங்களில் 22 விழுக்காட்டை அது தரம் போதாது என்றது. வெளுத்த ஆண்களுக்கு 9 விழுக்காடு. 2018-இல் ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் முகத்தை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். கறுத்த பெண்களிடம் பிழை 34.7 விழுக்காடு வரை போனது. வெளுத்த ஆண்களிடம் ஒரு விழுக்காட்டைத் தாண்டவில்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு, முகத்தை வெளுப்பாக்கித் தரும் ஸ்டுடியோத் தம்பி மேல் இருந்த கோபம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது. அவர் வாடிக்கையாளர் கேட்பதைச் செய்கிறார். அங்கே இயந்திரம் பழகியது யார் முகத்தில் என்பதும் அதே கதைதான். இருந்தாலும் வழி வெளுப்பாக்குவது இல்லை. விளக்கைச் சரியாக வைத்து, கறுப்பைக் கறுப்பாகவே தெளிவாகக் காட்ட வேண்டும்.

கப்பலுக்குப் போனவர்களுக்கு இன்னொரு தாள் உண்டு. கப்பல் வேலையைப் பதியும் சிடிசி புத்தகத்தோடு, முகத்தை அடையாளமாகக் கொண்ட கடலோடி அடையாள ஆவணத்தை இந்தியா 2019 நவம்பரில் தொடங்கியது. உலகத்திலேயே முதல் நாடு என்றார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 185-ஆவது உடன்படிக்கை கைரேகையைத்தான் முதலில் கேட்டது. பிறகு முகத்துக்கு மாறியது. கயிறும் சங்கிலியும் இழுத்துத் தேய்ந்த விரல்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இது சரியாகத்தான் படும். இதற்கும் படம் மையத்திலேயே எடுக்கப்படுகிறது; நமக்குப் பக்கம் சென்னை அல்லது கொச்சி.

வெளிநாட்டில் இருக்கும்போது பாஸ்போர்ட் புதுப்பிக்கும் நம்மவருக்குத்தான் உண்மையான அலைச்சல். இங்கே அலுவலகமே எடுத்துக்கொள்ளும் படத்தை, அங்கே அவரே கொடுக்க வேண்டும். 2025 செப்டம்பர் முதல் இந்தியத் தூதரகங்கள் சர்வதேச விதிப்படியான படத்தையே வாங்குகின்றன: 630-க்கு 810 பிக்ஸல், படத்தில் 80 முதல் 85 விழுக்காடு முகம், வெள்ளைப் பின்னணி, கண்ணாடி கூடாது, மென்பொருளால் தொட்டிருக்கக் கூடாது. பழைய இரண்டு அங்குலச் சதுரத்துக்குப் பழகிய அங்குள்ள கடைகளில் இதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. காசு போட்டால் படம் தரும் கூண்டு இருக்கிறதே என்றால், அது அந்தந்த ஊரின் அளவுக்குத்தான் படம் தரும். நம் அளவு அதற்குத் தெரிந்தால் அதிர்ஷ்டம்.

யார் எடுப்பது என்பதில் நாடுகள் மூன்று பாதையில் பிரிந்திருக்கின்றன. ஆபீசே எடுப்பது ஒன்று. குடிமக்களே கொண்டுவருவது இன்னொன்று. கனடா இதில் ஒரு தந்திரம் செய்கிறது, படத்தின் பின்பக்கம் ஸ்டுடியோவின் பெயர், முகவரி, எடுத்த தேதி வேண்டும். மூன்றாவது, அங்கீகரித்த ஸ்டுடியோ எடுத்து நேரே அரசுக்கு அனுப்புவது. ஜெர்மனி 2025 மே முதல் காகிதப் படத்தை நிறுத்திவிட்டது. சான்று பெற்ற கடையிலிருந்து மின்வழியாகவோ அலுவலகத்துக் கருவியிலோதான். காரணம், இரண்டு முகத்தை ஒன்றாகக் குழைத்த படம். 2018-இல் பெங் என்ற ஜெர்மன் குழு, தங்களில் ஒருவர் முகத்தோடு ஐரோப்பிய அரசியல்வாதி பெடரிகா மொகெரினியின் முகத்தைக் குழைத்து, அந்தப் படத்தைக் கொடுத்தே பாஸ்போர்ட் வாங்கிக் காட்டியது. நமக்கு நேர் எதிர்க்கரையில் இலங்கையும் இதே வழிதான்: பதிவுபெற்ற ஸ்டுடியோவில் எடுத்தால் படம் திணைக்களத்துக்குப் போய்விடும், கையில் ரசீது மட்டும். இந்த மூன்றாவது வழி நமக்கும் வேண்டும் என்பது என் கட்சி. குழந்தைப் படத்துக்கும் தூதரகப் படத்துக்கும் பொறுப்பேற்க ஒருவர் இருப்பார். திரும்பி வந்தால் அலைகிறவர் சித்தப்பாவாக இருக்க மாட்டார். கல்யாண ஆல்பத்தை டிஜிட்டல்காரர்களிடம் இழந்த சின்ன ஸ்டுடியோக்களுக்கும் கொஞ்சம் பிழைப்பு.

சென்ற மாதம், மூன்றாவது படம் எடுத்த கடைக்கு மறுபடி போனேன். வயதானவர், ரோலில் எடுத்த காலத்து ஆள். உட்கார்ந்ததும் எழுந்து சன்னலைச் சாத்தினார், மின்விசிறியை நிறுத்தினார். கோட் ஆணியில் தூசியோடு தொங்கியது. பிறகு கேட்டார்:

"அழகா எடுக்கணுமா, ஆபீசுக்கு எடுக்கணுமா?"

"ஆபீசுக்குத்தான் அண்ணாச்சி."

"அப்ப மூஞ்சியைத் தொடைச்சிட்டு வாங்க" என்று துண்டை நீட்டினார்.